படுதாவுக்குப் பின்னால்

(பாளையங்கோட்டையில் இளைஞர்கள் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய தம்பி "நாடகக் கலைஞர்" என்றார். ஊர்களில் அப்படி யாரும் சொன்னதில்லை. "பெட்டிக்காரர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். பெட்டி என்றால் ஹார்மோனியம். அதிலும் காலால் மிதிக்கிற பெட்டி. 40 வருஷம் மிதித்திருக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்றால், ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆட்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டிவந்து போடுகிற நாடகம். அதற்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. சிரிக்க வைக்கிற பபூன் எந்த பஸ்ஸில் வருவார் என்பது அவருக்கே தெரியாது. முருகனும் வள்ளியும் முகம் பார்த்துக்கொள்வதே அன்றைக்குச் சாயங்காலம்தான். ஆனாலும் விடிய விடிய நாடகம் ஓடும். ஓட்டுவது யார்? மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பெட்டி, மிருதங்கம், பல தாள வாத்தியங்களை ஒரே ஆளாக வாசிக்கிற ஆல்ரவுண்ட்.

ராஜபார்ட் முதல் அடியைப் படுதாவுக்குள் இருந்தே பாடுவார். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அவர் வாயெடுத்ததுமே எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி என்று என் விரலுக்குத் தெரிந்தாக வேண்டும். எப்போதும் அஞ்சு கட்டையில் பாடுகிறவர் அன்றைக்குத் தொண்டை கட்டி நாலரைக்கு இறங்கியிருப்பார். நான் பழக்கதோஷத்தில் அஞ்சைப் பிடித்தால் அவர் மானம் போச்சு. இறங்கிப் பிடித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. கைதட்டல் அவருக்குத்தான். அதில் எனக்குப் பொறாமை இல்லை. விடிந்த பிறகு சம்பளத்தை எண்ணும்போதுதான் கொஞ்சம் வரும்.

இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம மண்ணுக்காரர். 1867இல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலிச் சீமைதான். முதலில் அவரும் வேஷக்காரர். எமன், சனீஸ்வரன் என்றால் குலை நடுங்குமாம். சனீஸ்வரன் வேஷம் கலைக்கப் போன விடிகாலையில், அவரைப் பார்த்த ஒரு கர்ப்பிணி பயந்து உயிரைவிட்டாள் என்று சொல்வார்கள். அதன்பின் அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டு வாத்தியாராகிவிட்டார். பாட்டு எழுதினார், பையன்களுக்குப் பாடம் சொன்னார், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பையன்கள் நாடகக் குழுவைத் தொடங்கினார். 1922இல் காலமானார். இன்றைக்கும் கோயில் திருவிழாவான கொடைக்கு 'வள்ளி திருமணம்' போட்டால் பாதிப் பாட்டு அவருடையது. வேஷம் கட்டியே இருந்திருந்தால் ஒரு நல்ல சனீஸ்வரன் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

மேக்கப்காரர் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். விளாத்திகுளம் பக்கம் ஓர் அம்மன் கொடை. படுதா தூக்கப் போகிற நேரம் மிதிக்கிறேன், பெட்டியில் புஸ் என்று காற்று மட்டும் வருகிறது. எலி துருத்தியைக் கடித்திருக்கிறது! கை கால் ஓடவில்லை. மேக்கப் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, முதல்ல காலை எடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நாரதருக்குத் தாடி ஒட்ட வைத்திருந்த பசையை எடுத்தார், தன் வேட்டி ஓரத்தைக் கிழித்தார், ஒட்டினார், ஊதிக் காயவைத்தார். அதுவரை பபூன் வெளியே போய்ச் சமாளித்தார். நாரதர் அன்றைக்குத் தாடியில்லாமலே வந்தார். பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

இதை நம்பிப் பிழைக்கலாமா என்று ஒரு தம்பி உள்ளே வரும்போதே கேட்டார். கோயில் கொடைக் காலத்தில் தூக்கம் இருக்காது, மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போது நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், பஜனைக்கு வாசித்தேன். அண்ணாச்சி கல்யாண வீடுகளில் பெண் அலங்காரத்துக்குப் போனார், என்னைவிட நன்றாகவே சம்பாதித்தார். இன்றைக்கு கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் சுருதி மாறிவிடுகிறது. வசதிதான். ஆனால் பாடுகிறவர் இறங்கிவிட்டார் என்று அந்தப் பொத்தானுக்கு யார் சொல்வது? அந்தக் காது வர எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. என் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்காமல், கேட்டுக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை.

அந்தப் பெட்டியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். அண்ணாச்சியின் ஒட்டு அப்படியே இருக்கிறது. ரெண்டு பேர் வாங்க தம்பி, வேனிலிருந்து இறக்கணும். கனம் ஜாஸ்தி.