"இப்ப வலி இல்ல சார்" என்பவரிடம் அடுத்து கேட்க வேண்டியது

வணக்கம் நேயர்களே. நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். இதய நோய் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மாரடைப்பைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது வருஷக்கணக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு போகிற நெஞ்சழுத்தத்தைப் பற்றி, அதாவது சீட்டில் ஆஞ்சைனா என்று எழுதுவோமே, அது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும், மேடேறினால் போதாது. அதனால் நடந்தால் நெஞ்சில் பாரம் ஏறும், நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். மேட்டில் நடக்கும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் வரும், நின்றால் போய்விடும் என்று வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய விவரிப்பு அச்சில் வந்தது 1772-ல். இத்தனை காலத்துக்கு அப்புறமும் நம் ஊரில் இதற்குப் பெயர் 'கேஸ்'. நடப்பதை நிறுத்திக் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு சோடா குடிப்பார்கள், உட்கார்ந்ததால் வலி போயிருக்கும், பேர் மட்டும் சோடாவுக்குப் போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோயில் ஒரு வம்பு உண்டு. வலி வருகிற வேலையை ஆள் தானாகவே விட்டுவிடுவார், விட்டதும் வலியும் வராது. நான் வரிசையைப் பார்த்துக்கொண்டே "நெஞ்சு வலி இருக்கா?" என்று கேட்பேன், அவர் "இப்ப இல்ல சார்" என்பார், பழைய மருந்தையே எழுதிக் கொடுத்துவிடுவேன். இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 207 பொது மருத்துவர்களிடம் பார்த்துவந்த 2031 ஆஞ்சைனா நோயாளிகளைக் கேட்டபோது 29 சதவீதம் பேருக்கு வாரத்தில் ஒரு தடவையாவது வலி வந்துகொண்டிருந்தது. ஆனால் பெரும்பாலானோருக்கு நோய் கட்டுக்குள்தான் இருக்கிறது என்று அவர்களுடைய மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள்.

இதை மருத்துவர் ஒருவரே சரிசெய்ய முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. நோயாளியைப் பற்றிய சேதி ஐந்தாறு பேரிடம் பிரிந்து கிடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆஞ்சைனா இருப்பவர்களில் பாதிக்கு மேல் எப்படியும் அதே வீடுகளில்தான் இருப்பார்கள் என்பது என் கணக்கு. அங்கே தன்னார்வலர் "வலி இருக்கா தாத்தா?" என்று கேட்டால் பதில் "இல்லம்மா"தான். "முன்ன செஞ்சதுல இப்ப எதை விட்டுட்டீங்க?" என்று கேட்கட்டும். "தண்ணிக்குடத்தை மருமகதாம்மா தூக்குது, கோயிலுக்குப் போறதில்ல, அந்த மேடு ஒத்துக்கல" என்று வரும். அந்த ஒரு வரி நோட்டில் ஏறி என் மேஜைக்கு வந்தால் போதும், மருந்தை மாற்ற எனக்குக் காரணம் கிடைத்துவிடும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பல நேரம் வலியே இருக்காது, மூச்சு வாங்கும், உடம்பு அசந்துபோகும். அவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

அடுத்து மருந்தாளுநர். வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை மாதத்துக்கு எத்தனை போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். திடீரென்று கூடுதலாகப் போனால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். ஒன்றுகூடப் போகவில்லை என்றால் நல்லாயிருக்கிறார் என்றும் இருக்கலாம், நாக்குக்கு அடியில் வைக்கவேண்டியதை விழுங்கிப் பார்த்து "வேலை செய்யல" என்று பெட்டியில் போட்டுவிட்டார் என்றும் இருக்கலாம். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. மோனோநைட்ரேட் என்று அன்றாடம் போடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. இரண்டு வேளை என்று எழுதினால் நம்மவர்கள் காலையும் ராத்திரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி நாள் முழுக்க உடம்பில் இருந்தால் மருந்து பழகிப்போய்ப் பலன் குறையும், அதனால் சாதாரண 20 மில்லிகிராம் மாத்திரையைக் காலை எட்டு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் போடுவதுதான் முறை. இதைப் பொறுமையாகச் சொல்ல மருந்து கொடுக்கிற ஜன்னலைவிட நல்ல இடம் இல்லை. முதல் சில நாள் தலைவலிக்கும், பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அங்கேயே சொல்லாவிட்டால் மாத்திரை குப்பைக்குப் போகும்.

செவிலியர் நாடி பார்ப்பார். நாடித் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபுரோலால் மாத்திரை போடுகிறவருக்கு ஓய்வில் நாடி நிமிஷத்துக்கு 55-லிருந்து 60 இருந்தால் மருந்து போதுமானது, 84 இருந்தால் போதவில்லை அல்லது போடவே இல்லை. மகள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கி, மாத்திரை தீர்ந்து, சட்டென்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அந்த மருந்தில் அது ஆபத்து. ஆய்வக நுட்பனர் ஹீமோகுளோபின் பார்ப்பார், ரத்தசோகை இருந்தால் அதே அடைப்பு இரண்டு மடங்கு படுத்தும். இயன்முறை சிகிச்சையாளர் எவ்வளவு தூரம், எந்த வேகம் நடக்கலாம் என்று பழக்குவார், ஏனென்றால் இந்த நோய்க்கு நடையும் மருந்துதான்.

"ஸ்டென்ட் வைத்துவிட்டால் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள், சுருங்கிய ரத்தக்குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். 2020-ல் வெளியான இஸ்கீமியா என்ற ஆய்வில் 5179 பேர், நம் நாட்டவர்களும் அதில் உண்டு. நிலையான நோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்வது, நல்ல மருந்து சிகிச்சையில் தொடங்குவதைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை. வலி அதிகம் இருந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது நிஜம். இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்கள் கதை வேறு. மற்றவர்கள் பதறி நகையை அடகு வைப்பதற்கு முன் மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குத்தான் இத்தனை பேரும்.

ஆண்கள் ஒன்றை மறைப்பீர்கள், நானே கேட்டுவிடுகிறேன். வயாகரா வகை மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது, அதே வகையில் டடலாஃபில் என்ற மாத்திரை என்றால் 48 மணி நேரம். மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருந்தாளுநரிடமாவது சொல்லுங்கள்.

கடைசியாக, சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த நடையிலேயே வந்தாலோ, நாக்கடியில் மாத்திரை வைத்து ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டாலோ, தன்னார்வலர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப 2023-லிருந்து ஏற்பாடு இருக்கிறது. வணக்கம்.