கழுதைக்கு வீரப் பதக்கம், சிப்பாய்க்கு இல்லை: கலிப்பொலியில் 24 நாட்கள்

[திரையில்: ஒரு கழுதையின் கருப்பு வெள்ளைப் படம்]

வணக்கம் நண்பர்களே. 1997-இல் ஆஸ்திரேலியாவின் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் ஒரு கழுதைக்கு வீரப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் பெயர் பர்பிள் கிராஸ், கழுதையின் பெயர் மர்பி. அது வேலை செய்தது 1915-இல், முதல் உலகப் போரில். குண்டு மழைக்கு நடுவே காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்து வந்த கழுதைகள் எல்லாவற்றின் சார்பாகவும் மர்பிக்கு அந்த மரியாதை.

சரி, அந்தக் கழுதையை ஓட்டிக்கொண்டு போனவர்? ஆஸ்திரேலிய இராணுவ மருத்துவப் படையின் சாதாரணச் சிப்பாய், வயது 22. அவருக்கு இன்று வரை ஒரு வீரப் பதக்கமும் கிடையாது. அவர் இறந்து ஐம்பது வருஷம் கழித்துப் பிரதமர் வரை போய்க் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2013-இல் தனித் தீர்ப்பாயமே உட்கார்ந்து ஆராய்ந்தது. அப்போதும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய படம் என்று உலகம் முழுக்கப் பரவிய ஓவியத்தில் இருப்பது அவரே இல்லை! அந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்காகவாவது கடைசி வரை பாருங்கள்.

[தலைப்பு அட்டை]

பெயர் ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக். 1892-இல் இங்கிலாந்தின் வடகிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் கோடைகாலத்தில் அந்த ஊர்க் கடற்கரையில் பிள்ளைகளைக் கழுதைச் சவாரி ஏற்றிக் காசு சம்பாதித்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். அப்பா இறந்ததும் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1910-இல் கப்பல் ஆஸ்திரேலியாவில் நின்றபோது இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை. கரும்பு வெட்டினார், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார், கப்பல்களில் கரி அள்ளிப் போட்டார். சம்பாதித்ததில் அம்மாவுக்குத் தவறாமல் பணம் அனுப்பினார். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பெர்த்தில் படையில் சேர்ந்தார். சேரும்போது கிர்க்பாட்ரிக் என்ற பெயரை விட்டுவிட்டு வெறும் ஜான் சிம்ப்சன் ஆனார், ஏனென்றால் கப்பலை விட்டு ஓடியவர். படை இங்கிலாந்துக்குத்தான் போகும், அப்படியே அம்மாவைப் பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கப்பல் எகிப்தில் இறக்கிவிட்டது. அவ்வளவுதான் முன்கதை.

அவரைச் சேர்த்தது 3-வது ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற பிரிவில். ஆம்புலன்ஸ் என்றதும் வண்டியை நினைக்காதீர்கள். டாக்டர்கள், உதவியாளர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள் எல்லோரும் அடங்கிய ஒரு முழுப் பிரிவுக்கே அந்தப் பெயர். சிம்ப்சன் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர். கையில் சிலுவைப் பட்டை, துப்பாக்கி கிடையாது.

[திரையில்: கலிப்பொலி தீபகற்பத்தின் வரைபடம்]

1915 ஏப்ரல் 25, விடியற்காலை. துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கரையிறங்கின. இந்த இரண்டும் சேர்ந்த படைக்குத்தான் அன்சாக் என்று பெயர். எதிரே செங்குத்தான மலை, மேலே துருக்கி வீரர்கள். முதல் நாளே காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சிம்ப்சனின் மூளை வேலை செய்த இடம் இதுதான். கடற்கரையிலிருந்து மேலே போர்முனைக்குப் போக இருந்த முக்கிய வழி ஒரு பள்ளத்தாக்கு. கீழ்ப்பகுதிக்கு ஷ்ராப்னல் கல்லி என்று பெயர், மேல்பகுதி மோனாஷ் பள்ளத்தாக்கு. மேல்முனையில் சில மேடுகள் துருக்கியர் கையில் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் நடப்பவர் தெரிவார். பகலில் யார் நடமாடினாலும் ஸ்னைப்பர்கள் சுட்டார்கள். மேலே ஷ்ராப்னல் குண்டுகள் வேறு, அதாவது வானிலேயே வெடித்து உலோக உருண்டைகளைச் சிதறடிக்கும் குண்டுகள், வெடித்துக்கொண்டிருந்தன.

இந்த வழியில் காயம்பட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு பேர் போதும். மலையில் அது நடக்காது, நான்கு பேர்கூடத் தேவைப்படும். கோயில் பல்லக்கு தூக்குவதைப் பார்த்திருப்பீர்களே, ஒருவர் கால் இடறினால் அத்தனை பேரும் சேர்ந்து ஆடுவார்கள். சரிவில், கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அதைச் செய்ய வேண்டும். ஒரு சிப்பாயைக் காப்பாற்ற நான்கு பேர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். போதாததற்கு ஸ்ட்ரெச்சர்களும் தீர்ந்துபோயின. காயம்பட்டவரோடு ஸ்ட்ரெச்சரும் கப்பலுக்குப் போய்விடும், திரும்பி வராது.

அப்போதுதான் சிம்ப்சன் கண்ணில் கழுதைகள் பட்டன. தண்ணீர் சுமப்பதற்காகக் கரைக்குக் கொண்டுவந்த கழுதைகள் அங்கே இருந்தன. சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் பழகிய கை சும்மா இருக்குமா? ஒன்றைப் பிடித்துக்கொண்டார். காலில் குண்டு பட்ட ஒருவரை அதன் மேல் உட்காரவைத்து, கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அணைத்துப் பிடித்தபடி கீழே அழைத்து வந்தார். ஆள் ஒருவர், கழுதை ஒன்று, ஸ்ட்ரெச்சர் தேவையே இல்லை. கழுதை உயரம் குறைவு, அதனால் காயம்பட்டவரை ஏற்றி இறக்குவதும் சுலபம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வயிற்றில், நெஞ்சில், தலையில் அடிபட்டவரைக் கழுதையில் உட்காரவைக்க முடியாது, அவர்களுக்கு ஸ்ட்ரெச்சர்தான். சிம்ப்சன் கொண்டுவந்தது பெரும்பாலும் காலில் அடிபட்டவர்களை. ஆனால் அப்படி ஒருவரை அவர் தனியாக இறக்கும் ஒவ்வொரு முறையும், பலத்த காயம் பட்டவரைத் தூக்க நான்கு கைகளாவது மிச்சமாகின்றன. அவர் செய்ததன் மதிப்பு எனக்கு இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. சினிமா போல ஓடிப் போய்க் காப்பாற்றியதை விட இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

அவர் தன் பிரிவோடு தங்கவில்லை, தனியாகவே வேலை செய்தார். மேலதிகாரிகளும் வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். அப்படியானால் தங்கியது எங்கே? இங்கேதான் நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்று வருகிறது. இந்தியப் படையினரோடு! 21-வது கோஹாட் மலைப் பீரங்கிப் படை. சீக்கியர்களும் பஞ்சாபி முஸ்லிம்களும் நிறைந்த படை. பீரங்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலையில் கொண்டுபோய், அங்கே மறுபடி பூட்டிச் சுடுவது அவர்கள் வேலை. கோவேறு கழுதைகள் இருக்கும் இடத்தில் தீவனம் இருக்கும். சிம்ப்சனின் கழுதைக்குச் சாப்பாடு அங்கே, அவருக்கும் அங்கேயே. இந்தியச் சிப்பாய்கள் அவரை பகதூர், அதாவது வீரர், என்று கூப்பிட்டார்கள்.

கலிப்பொலி என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், துருக்கி என்று மட்டும்தான் நிறையப் பேருக்குத் தெரியும். கரையிறங்கிய அந்த ஏப்ரல் 25 அன்று அன்சாக் படைக்கு உதவியாகக் கரையில் இறங்கிய முதல் பீரங்கிகளே இந்தியர்களுடையவைதான், 26-வது ஜேக்கப்ஸ் மலைப் பீரங்கிப் படை. இதை நம் பள்ளிப் பாடத்திலும் சேர்க்கலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கீழே எழுதுங்கள்.

[திரையில்: மோனாஷ் பள்ளத்தாக்கு, 1915]

மே 19. துருக்கிப் படை சுமார் 42,000 பேரோடு அன்சாக் பகுதியைக் கடலில் தள்ளிவிடப் பாய்ந்தது. அன்று மட்டும் துருக்கியர் தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய 3000 பேர். உடல்களைப் புதைப்பதற்காகவே மே 24-ஆம் தேதி இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மே 19 காலையில், மோனாஷ் பள்ளத்தாக்கில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டு சிம்ப்சன் இறந்தார். கரையிறங்கி 24 நாட்கள்தான் ஆகியிருந்தன.

மறுநாளே கர்னல் மோனாஷ், பள்ளத்தாக்கின் பெயருக்குச் சொந்தக்காரர், மேலிடத்துக்கு எழுதினார். இந்த ஆளும் அவருடைய சின்னப் பிராணியும் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருந்த எல்லோருடைய பாராட்டையும் பெற்றவர்கள், இரவு பகலாக உழைத்தார்கள், இது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை, பயம் என்பதே அவரிடம் இல்லை என்று. அவருடைய பெயர் போர் அறிக்கையில் சேர்ந்தது. கிடைத்த அங்கீகாரம் அது ஒன்றுதான். மற்றபடி போரில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த சேவைப் பதக்கங்கள்.

இனி ஓவியத்துக்கு வருவோம்!

[திரையில்: ஓவியம். காயம்பட்டவர் கழுதை மேல், பக்கத்தில் ஒருவர் அணைத்தபடி]

ஹொரேஸ் மூர்-ஜோன்ஸ் நியூசிலாந்து ஓவியர். கலிப்பொலியில் போர் செய்தவர், அங்கேயே படமும் வரைந்தவர். ஊர் திரும்பியதும் நாடு முழுக்கப் போய்ப் படங்களைக் காட்டிப் பேசினார். டனீடின் நகரத்தில் ஒருவர் அவரிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தார். கழுதை, காயம்பட்டவர், அணைத்துப் பிடித்த மருத்துவப் படை ஆள். மூர்-ஜோன்ஸுக்குச் சந்தேகமே வரவில்லை, இது சிம்ப்சன்தான் என்று முடிவு செய்தார். அதைப் பார்த்து வரைந்தார், கீழே சிம்ப்சன் என்றே பெயரும் போட்டார். ஓவியம் பிரபலமாகித் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

புகைப்படத்தில் இருந்தவர் ரிச்சர்ட் ஹென்டர்சன். நியூசிலாந்து மருத்துவப் படைச் சிப்பாய், பள்ளி ஆசிரியர். அவரும் கழுதையை வைத்துக் காயம்பட்டவர்களை இறக்கியவர். 1916-இல் பிரான்ஸின் சோம் போர்முனையில் குண்டு மழைக்கு நடுவே போய்ச் சிப்பாய்களை மீட்டதற்காக இராணுவப் பதக்கம் பெற்றார். பின்னர் விஷவாயு தாக்கி, அதன் விளைவாகப் பிற்காலத்தில் கண் பார்வையே போனது. ஊரே கொண்டாடிய ஓவியத்தில் இருந்தது தானே என்று அவர் மேடை போட்டுச் சொல்லவில்லை. உண்மை பத்திரிகையில் வந்து பலருக்கும் தெரிய 1950 ஆகிவிட்டது.

ஓவியர் முடிவையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1922-இல் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்தது. மூர்-ஜோன்ஸ் மற்றவர்களைக் காப்பாற்ற உதவினார், அதில் பட்ட தீக்காயங்களால் இறந்தார்.

அப்புறம் சிம்ப்சன் 300 பேரைக் காப்பாற்றினார் என்ற கதை. பல இடங்களில் இந்த எண்ணைப் பார்ப்பீர்கள். அங்கே யாரும் எண்ணி எழுதிவைக்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வருகிறது, அதுவும் 24 நாள் விடாமல். வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆள் சேர்க்கும் பிரச்சாரத்துக்கு இந்தக் கதை ரொம்பப் பயன்பட்டது, அப்போது ஊதிப் பெருத்தது நிறைய. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இங்கிலாந்துக்கு ஒரு நல்ல புரட்சி வேண்டும் என்று எழுதிய கூலித் தொழிலாளி அவர். பிரச்சாரத்தில் அந்தச் சிம்ப்சனைக் காணோம்.

சரி, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸை அவருக்குக் கொடுக்கலாமா? 2013 தீர்ப்பாயம் சிம்ப்சனோடு சேர்த்து 13 பேரை ஆராய்ந்தது. சிம்ப்சனின் துணிச்சலை அது மறுக்கவில்லை. அவருடைய பிரிவின் மற்ற ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களிடமும் இதே துணிச்சல் இருந்தது, போர் அறிக்கையில் பெயர் வந்ததே தக்க மரியாதைதான் என்றது. அதே பட்டியலில் இருந்த கடற்படை வீரர் டெடி ஷீனுக்கு மறு ஆய்வுக்குப் பிறகு 2020-இல் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதனால் சிம்ப்சனுக்காகக் கேட்பவர்கள் இன்னும் விடவில்லை.

என் கருத்தைக் கேட்டால், தீர்ப்பாயம் சொன்னதுதான் சரி. சிம்ப்சன் மேல் மதிப்பு குறைந்து இதைச் சொல்லவில்லை. அதே பள்ளத்தாக்கில், அதே குண்டுகளுக்கு நடுவில், ஸ்ட்ரெச்சரின் நான்கு முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் அங்கேதான் செத்தார்கள். கழுதை இல்லாததால் அவர்களை யாரும் வரையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சிம்ப்சனுக்கு மட்டும் கொடுத்தால் அவர்களை இரண்டாம் முறையும் விட்டுவிட்ட மாதிரி ஆகும்.

நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கொடுக்கலாமா, கூடாதா, காரணத்தோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ இராணுவ மருத்துவப் படையில் இருந்திருந்தால், அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வரியாவது போடுங்கள். அடுத்த வீடியோவில் கோஹாட், ஜேக்கப்ஸ் பீரங்கிப் படைகளைப் பற்றி முழுசாகப் பார்க்கப் போகிறோம்.