ஒரு தலை, இரண்டு உடல்

நேயர்களுக்கு வணக்கம். நான் காட்பாடியில் பிளவுஸுக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் பூவேலை, செய்கிறவள். இருபது வருஷமாக ஃபிரேமுக்கு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து நடப்பது வருஷத்தில் பத்து நாள்தான். சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வந்து குவிவதற்கு முன்னால், பங்குனியில், கோட்டைக்குள்ளே. வேலூருக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அதுவும் அந்தப் பத்து நாள்தான். வேப்பம்பூ வாசம் வந்ததும் கிளம்பிவிட வேண்டும். அசந்தால் வெயில் முந்திக்கொள்ளும்.

காலை ஏழு மணிக்கு அகழியைத் தாண்டி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில். போனை எடுக்கவே மாட்டேன். போட்டோ எடுத்தால் பார்த்துவிட்டோம் என்று மனசு திருப்திப்பட்டுவிடும். வரைந்தால்தான் கண் வேலை செய்யும். இதை இன்னொரு தரம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கல்யாண மண்டபத்தில் ஒரு சிற்பம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மூட வேண்டாம். ஒரு பக்கம் காளை உடம்பு, மறுபக்கம் யானை உடம்பு. நடுவில் தலை ஒன்றுதான். யானை உடம்பைக் கையால் மறைத்தால் காளை. காளை உடம்பை மறைத்தால் யானை. நீங்களும் சின்ன வயசில் பள்ளிக்கூடத்தோடு போய்க் கையை வைத்துப் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண், பிளவுஸ் முதுகில் இதைத்தான் போட்டுத் தரவேண்டும் என்றாள். சரி என்றேன். டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்துத் துணியில் இறக்கிவிட்டேன். காளைக்கு வெள்ளை நூல், யானைக்குச் சாம்பல். தலைக்கு? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாதி பாதியாகப் போட்டேன். பெண்ணோட பாட்டி வந்து, கையால் இந்தப் பக்கம் மறைத்தார், அந்தப் பக்கம் மறைத்தார். "என்னம்மா, மாடும் தெரியல, ஆனையும் தெரியல" என்றார்.

மறுநாள் காலை நோட்டோடு போய்ச் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் வரைந்த பிறகுதான் உறைத்தது: கல்லுக்கு ஒரே நிறம்! வீட்டுக்கு வந்து நுனி நூலைப் பிடித்து இழுத்தேன். சங்கிலித் தையல் அல்லவா, சரசரவென்று பிரிந்து வந்தது, நாலு நாள் உழைப்பு. பிறகு முழுக்கச் சந்தன நிறப் பட்டு நூல் ஒன்றே. காளை உடம்புக்குத் தையல் படுக்கை வாட்டம், யானைக்குச் செங்குத்து வாட்டம், தலைக்குச் சுழித்த வாட்டம். பாட்டி மறுபடி கையை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, பேத்தியைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னார். போட்டோவைப் பார்த்துத் தைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. சொன்னேனே, இன்னொரு தரம் வரும் என்று.

மண்டப விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளைப் பார்க்க மறக்காதீர்கள், கழுத்து வலித்தாலும். சாமியே இல்லாமல் வெகுகாலம் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் 1981-ல்தான் திரும்பி வந்தது. வெளியே வந்தால் 1806. ஆங்கிலேயருக்கு எதிரான வேலூர்ச் சிப்பாய்களின் அந்த ஜூலை 10 எழுச்சிக்குக் காரணங்களில் ஒன்று, சிப்பாய்களுக்குக் கொடுத்த தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை. தையல்காரி எனக்கு அது பெரிய விஷயம், ஒரு மணி நேரம் பேசுவேன்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமா, போதுமா, தெரியவில்லை.

ஆற்காடு டெல்லி கேட், ஆரணிப் பட்டு எல்லாம் எழுதி எடுத்து வந்திருந்தேன். போகட்டும். கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், செருப்பில்லாத காலுக்குக் கல் சுடும். பென்சிலை மறக்காதீர்கள். வணக்கம்.