பூக்க விடாத செடி: தேயிலை மலையிலிருந்து இனப்பெருக்கம் பற்றி ஒரு பேச்சு

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, இரண்டு தேயிலை மலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஓடைக்கரையில் நின்று பேசுகிறேன். பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேராக விடயத்துக்கு வந்துவிடுகிறேன். உயர்தரம் படிக்கும் எங்கள் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தங்கை ஒருத்தி, "இனப்பெருக்கப் பாடத்தில் எப்போதும் செவ்வரத்தம்பூவையும் அவரை விதையையும்தானே காட்டுகிறார்கள், வாசலில் நிற்கும் தேயிலையை ஏன் எவரும் காட்டுவதில்லை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தேயிலை பூப்பதையே நம்மில் பலர் கவனித்துப் பார்த்ததில்லை. கொழுந்து எடுப்பது என்ற தொழிலே, அந்தச் செடியை இனம் பெருக்க விடாமல் இலையாகவே நிறுத்தி வைக்கும் தொழில்தான்.

முதலில் இந்தப் பூவை அருகில் காட்டுகிறேன். ஓடைக்கு இறங்கும் இந்த மூலையில் செடியை வெட்டிக் குறுக்கும் கவ்வாத்துக் கத்தியும் படாமல், கொழுந்து எடுப்பவர்களின் கையும் எட்டாமல் தப்பிய ஒரு செடி, மரமாகவே உயர்ந்து நிற்கிறது. வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் தலை கொண்ட கேசரங்கள் எண்ண முடியாத அளவுக்கு நெருங்கி நிற்பதைப் பாருங்கள்; விரலால் தொட்டால் மகரந்தம் மாவாக ஒட்டுகிறது. கேசரங்களை ஒதுக்கினால் நடுவில் ஒரு தம்பம் தெரிகிறது. அதன் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கிறது, மகரந்தத்தை ஏற்கும் குறி அங்கேதான்; அடியில் சூலகம் இருக்கிறது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில், ஒரு விரல்கடைத் தூரத்துக்குள் இருப்பதால், இந்தப் பூ தன்னைத்தானே கருக்கட்டிக்கொள்ளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் தேயிலை அதற்குப் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. தன் சொந்த மகரந்தமணி குறியில் விழுந்து முளைத்து, அதன் குழாய் தம்பத்தினூடாகச் சூலகம் வரை இறங்கிச் சென்ற பிறகும்கூட, அங்கே கரு உருவாவது மிகவும் அரிது. இன்னொரு செடியின் மகரந்தத்தை ஓர் ஈயோ தேனீயோ சுமந்து வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தக் காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிவிடும். மனிதப் பிள்ளை பத்து மாதத்தில் வந்துவிடுகிறது, தேயிலை விதைக்கு அதைவிடப் பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு சிறு திருத்தம். "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" என்று நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த மொட்டு பூமொட்டு அல்ல. இன்னும் விரியாத இலை. பூமொட்டுகள் இலைக்கக்கங்களில், பட்டாணி போல உருண்டையாகத் தோன்றுகின்றன. ஏழு பத்து நாட்களுக்கு ஒருமுறை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால், செடி மேலும் மேலும் தளிரை அனுப்புவதிலேயே தன் பலத்தைச் செலவழிக்கிறது. பராமரிப்புக் குறைந்த மலைகளில் பூ அதிகமாகத் தெரிவதன் காரணமும் இதுதான். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூடை சுமந்தவர்; சிறு வயதில் நான் பூப்பறித்து விளையாடினால், "மலை பூத்தா தொரைக்கு ஆகாது தம்பி" என்று தோட்டத்துரையைச் சொல்லிச் சிரிப்பார்.

இடது கைப்பக்கம் இருக்கும் மலையைப் பாருங்கள். இது விதைத் தேயிலை, அதாவது ஒவ்வொரு செடியும் தனித்தனி விதையிலிருந்து முளைத்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று செடிகளைக் காட்டுகிறேன்: முதலாவதில் இலை சிறிதும் தடிப்புமாக இருக்கிறது, இரண்டாவதில் உள்ளங்கை நீளத்துக்கு வெளிர்பச்சையாக விரிந்திருக்கிறது, மூன்றாவதன் தளிரில் செம்மை ஓடுகிறது. பெரும்பாலான தேயிலைச் செடிகளின் கலங்களில் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் 30 நிறமூர்த்தங்கள், அதாவது 15 சோடிகள் இருக்கின்றன. இனப்பெருக்கக் கலமான புணரியை உருவாக்கும் ஒடுக்கற்பிரிவின்போது ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஏதோ ஒன்று மட்டும் அதற்குள் போகிறது. அப்படியானால் ஒரே செடி 32,768 விதமான மகரந்தங்களை உருவாக்க முடியும். சூல்களும் அவ்வாறே என்பதால், ஒரு தாயும் ஒரு தந்தையும் சேர்ந்து 107 கோடிக்கும் அதிகமான விதங்களில் பிள்ளை பெற வாய்ப்பிருக்கிறது. நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைச் சேர்த்தால் கணக்கு இன்னும் பெருகும். மனிதருக்கு 23 சோடி. ஒரு தாயிடமிருந்து மட்டும் 83,88,608 விதமான முட்டைகள் வரலாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி இல்லாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மலையகத்துத் தேயிலையின் கதை தொடங்கியது விதையிலிருந்துதான். 1867ஆம் ஆண்டு கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாகத் துரு நோய் தென்பட்டது. அந்தத் தூள் வேறொன்றும் அல்ல, பங்கசு (பூஞ்சை) தன் இனத்தைப் பரப்ப விடும் வித்திகள். காற்றிலும் மழையிலும் பரவி இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே படுக்க வைத்துவிட்டன. அராபிக்காக் கோப்பி தேயிலைக்கு நேர்மாறானது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று ஒத்த செடிகளே மலை முழுதும் நின்றன. பங்கசுக்கு ஒரு பூட்டைத் திறந்த சாவியே எல்லா வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது.

இப்போது வலது பக்கம் திரும்புகிறேன். இந்த மலையை நாம் வீ.பி. என்று சொல்வோம், புத்தகத்தில் பதியமுறை இனப்பெருக்கம் என்று இருக்கும். இங்கே தாயும் தந்தையும் இல்லை, தாய்ச்செடி மட்டுமே. நல்ல தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு, கீழே மூன்று நான்கு சென்ரிமீற்றர் தண்டு, இவ்வளவையும் சாய்வாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலிலும் ஈரத்திலும் வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் முதலில் தழும்பு போல ஒரு திசு கட்டும். அதிலிருந்து வேர் வரும். பிறகு அரும்பு விழிக்கும். ஓர் ஆண்டுக்குள் மலைக்குப் போகத் தயாராகிவிடும். நானும் ஒருமுறை லயத்து வாசலில் பத்துத் துண்டுகளை ஊன்றிப் பார்த்தேன். வெயில் படட்டும் என்று பெருமையாகத் திண்ணையின் ஓரத்தில் வைத்ததில் ஒரு வாரத்துக்குள் அத்தனையும் கருகின. வேர் இல்லாத துண்டுக்கு இலை ஆவியாக விடும் நீரை ஈடு செய்ய வழியே இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மூடி வைத்து ஈரக்காற்றைப் பிடித்து வைப்பதில்தான் நாற்றுத் தவறணையின் சூட்சுமமே இருக்கிறது.

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இங்கே தலவாக்கலை சென் கூம்ஸில்தான் இருக்கிறது. அங்கே தெரிந்தெடுக்கப்பட்ட டீ.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்களின் பெயர்கள் நம் பெரியவர்களுக்கு வாய்ப்பாடம். விளைச்சலைப் பொறுத்தவரை வீ.பி. மலைக்கு விதை மலை ஈடாகாது, அதில் வாதமில்லை. ஆனால் துண்டிலிருந்து வந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது. கடும் வறட்சியில் விதைச் செடி ஆழத்திலிருந்து நீரை இழுத்துத் தாக்குப்பிடிக்கும்போது, வீ.பி. முதலில் வாடும்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இந்த வரிசையில் நிற்கும் நூறு செடிகளும் ஒரே தாயின் துண்டுகள் என்றால், அவை நூறு செடிகளல்ல. நூறு இடங்களில் நிற்கும் ஒரே செடி. தேயிலை தன் மகரந்தத்தை ஏற்காது என்று சொன்னேன் அல்லவா? பக்கத்துச் செடியின் மகரந்தமும் இங்கே சொந்த மகரந்தமே. எனவே இந்த மலையைக் கொழுந்து எடுக்காமல் விட்டு, பூத்துக் குலுங்கச் செய்தாலும், வேறு இனம் அருகில் இல்லாதவரை, காய் தேடித்தான் பார்க்க வேண்டும்.

செடி மாறாமல் நிற்கும்போது அதைத் தின்பவை ஓய்ந்திருப்பதில்லை. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயின் பங்கசு, இளந்தளிரில் வட்டமான கொப்புளத்தை எழுப்பி, இலையின் அடியில் வெண்மையாக வித்திகளைப் பரப்புகிறது. மப்பும் மழையுமான காலத்தில் சில வாரங்களுக்கு ஒரு புதிய தலைமுறை. செடிக்கோ அறுபது ஆண்டுகளாக அதே தலைமுறை. நடு உயரத் தோட்டங்களில் தண்டைத் துளைக்கும் சிறு வண்டின் குடும்பம் இன்னும் விசித்திரமானது. ஓர் அரிசியளவுகூட இல்லாத தாய் வண்டு, தன் வாயில் சுமந்து வந்த பங்கசைத் தண்டுக்குள் பயிரிட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. கருக்கட்டாத முட்டை ஆணாகிறது, கருக்கட்டிய முட்டை பெண்ணாகிறது. பறக்கத் தெரியாத அந்த ஒன்றிரண்டு ஆண்கள் பிறந்த துளைக்குள்ளேயே தம் சகோதரிகளுடன் கூடுகின்றன. பெண்கள் கருவோடுதான் வெளியே பறக்கின்றன. ஒரு பெண் வண்டு தனியாக வந்து இறங்கினாலும் ஒரு புதிய மலையைப் பிடித்துவிட முடிவது இதனால்தான். ஆகவே ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தை நட்டு நிரப்புவதைவிட, பல இனங்களைக் கலந்து வைப்பதும், பழைய விதை மலைகளை முற்றாகப் பிடுங்காமல் விடுவதும் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. ஓடைக்கரைச் செடியின் கீழே வெடித்து விழுந்திருந்த காய்களிலிருந்து அம்மா ஐந்து விதைகளைப் பொறுக்கித் தந்தார். கோலிக்குண்டு அளவு, கபில நிற ஓடு. தேயிலை விதையை வாங்கி அலமாரியில் வைத்திருக்க முடியாது, காய்ந்தால் உயிர் போய்விடும். எனவே இப்போதே வாளியில் போடுகிறேன். நான்கு அமிழ்ந்துவிட்டன, ஒன்று மிதக்கிறது. மிதப்பதை உடைத்துக் காட்டுகிறேன், பாருங்கள்: உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகிக் கிடக்கிறது. அமிழ்ந்த நான்கையும் மண் பையில் ஊன்றி, இந்த முறை நிழலிலேயே வைக்கப்போகிறேன். தாயைத் தெரியும், தந்தை எந்த மலையில் நிற்கிறது என்று தெரியாது. "ஒண்ணாவது பெரிய எலையா வரும்" என்கிறார் அம்மா.