ஒரு மெத்தில் குழு செய்யும் வேலை: வாய்ப்புற்றுநோயும் ஆர்என்ஏ மாற்றங்களும்

அவையோருக்கு வணக்கம்.

புற்றுநோய் என்றதும் டிஎன்ஏ பிழையைத்தான் பேசுகிறோம். டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமல், அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில் ஒட்டும் வேதிக்குறிகளும் கட்டிக்குத் துணைபோகின்றன. புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் உட்பகுதியில் அதிகம் காணப்படும் குறி எம்6ஏ. அடினினின் 6ஆம் இடத்து நைட்ரஜனில் ஒரு மெத்தில் குழு, அவ்வளவுதான். ஒட்டுவது மெட்டில்3, மெட்டில்14 என்னும் புரத இணை. அகற்றுவது எஃப்டிஓ, ஆல்க்பிஹெச்5 என்னும் நொதிகள்.

குறியை வாசிக்கும் புரதங்கள் வேறு. ஒய்டிஹெச்டிஎஃப்2 வாசித்தால் அந்த ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். ஐஜிஎஃப்2பிபி வாசித்தால் நீடிக்கும். ஆகவே "எம்6ஏ கூடினால் புற்று" என்பது தப்புக்கணக்கு. வாய்ப்புற்றில் மெட்டில்3 மிகுந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் வேதிப்பொருளோ எஃப்டிஓவையும் கூட்டுகிறது. ஒட்டுவதும் கூடுகிறது, உரிப்பதும் கூடுகிறது! (புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி 2004இலேயே அறிவித்துவிட்டது.)

கணக்கு பெரும்பாலும் ஆய்வு மேசையில்தான் பிசகும். மொத்த ஆர்என்ஏவில் 80 சதவீதத்துக்கு மேல், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏ. அதன் 18எஸ், 28எஸ் என்னும் இரண்டு வகைகளிலும் எம்6ஏ உண்டு. ஆனால் அவற்றை ஒட்டுவது மெட்டில்5, இசட்சிசிஹெச்சி4. மெட்டில்3க்கு அங்கே வேலையே இல்லை. தூது ஆர்என்ஏவின் முனையிலுள்ள பாலி-ஏ வாலைப் பிடித்து அதை இரண்டு சுற்று பிரித்தெடுக்காமல் அளந்தால், அந்த எண் ரைபோசோமைப் பற்றியதாகிவிடும். பயாப்ஸித் துண்டை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக வெட்டி ஆர்என்ஏ காப்புத் திரவத்தில் போட்டால் நடுப்பகுதிக்குத் திரவம் ஊறாது. ஆர்என்ஏவைச் சிதைக்க உமிழ்நீரின் ஆர்என்ஏஸ் நொதி வேறு காத்திருக்கிறது. ஆர்என்ஏவைச் சுமார் 100 எழுத்துத் துண்டுகளாக்கி, எம்6ஏ உள்ளவற்றை ஆன்டிபாடியால் இழுக்கும்போது, இழுக்காத பங்கு ஒன்றையும் கூடவே வரிசைப்படுத்த வேண்டும். இல்லையேல் மரபணு அதிகம் இயங்கியதையே குறி கூடியதாக எண்ணுவோம்.

தூது ஆர்என்ஏவோடு கதை முடிவதில்லை. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலத்தைக் கடத்தும் டிஆர்என்ஏவின் 34ஆம் எழுத்துக்கு மெத்தில் ஒட்டுவது என்சன்3 என்னும் நொதி. மனித வாய்ப்புற்று செல்களில் அதை முடக்கி எலிகளில் வளர்த்த ஆய்வு 2022இல் வந்தது. முதற்கட்டி வளர்ந்தது, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது குறைந்தது. பரவும் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தரும் ஆற்றல் தேவை. அந்தக் குறியின்றி அங்கே புரத உற்பத்தி தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்குகளும் எலிகளில் பரவலைக் குறைத்தன. எலியில்தான், மருந்துக்கடைக்கு ஓடிவிடாதீர்கள்.