சீட்டில் இருந்த ஒரே ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். காட்டுயிர்க் கடத்தல் என்றதும் துப்பாக்கி, இருட்டு, ஜீப் என்றுதான் மனசு ஓடும். எனக்கோ ஒரு மேசையும், அதில் கிடக்கும் அனுமதிச் சீட்டும்தான் நினைவுக்கு வரும். பிடித்த விலங்கு எல்லை தாண்ட வேண்டுமென்றால் யாராவது அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், இல்லை, பெட்டியைத் திறக்காமல் விட வேண்டும். அந்த ஊழலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுச் சிம்பன்சிகளின் கதையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சைப் பேசவே முடியாது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் உருவான சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி, விலங்கு எங்கிருந்து வந்தது என்று சீட்டில் ஒரே எழுத்தில் குறிப்பார்கள். காட்டில் பிடித்தது என்றால் 'டபிள்யூ', கூண்டில் பிறந்து வளர்ந்தது என்றால் 'சி'. கினியிலிருந்து டஜன் கணக்கில் சிம்பன்சிகள் 'சி' போட்டுச் சீனாவுக்குப் போயின. ஆனால் கினியில் சிம்பன்சி வளர்ப்புப் பண்ணை ஒன்றுகூடக் கிடையாது! தாய்ச் சிம்பன்சி குட்டி போடுவதே ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் இத்தனை குட்டிகள் எங்கிருந்து வரும்? அனுப்பிய இடத்திலோ இறக்கிய இடத்திலோ யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். 2013-இல்தான் சைட்டிஸ் தரப்பில் கினியின் காட்டுயிர் வணிகத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் அந்தக் குட்டிகள் போய்விட்டன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, ஆராய்ச்சி இதில் என்ன செய்யும்? சாமுவேல் வாசர் என்ற விஞ்ஞானியின் குழு, பிடிபட்ட யானைத் தந்தங்களில் சின்னச் சின்னத் துண்டு எடுத்து மரபணுவைப் பார்த்தது. ஒரு யானையின் ஒரு தந்தம் ஒரு கன்டெய்னரில், அதன் ஜோடி இன்னொரு கன்டெய்னரில்! 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. அப்படி ஜோடி பிரிந்த சரக்குகள் பெரும்பாலும் ஒரே துறைமுகம் வழியாக, சில மாத இடைவெளியில் போயிருந்தன. ஒரே கூட்டம், ஒரே வாசல். அந்த வாசலில் நின்றவர் யார் என்று கேட்காமல் ஓட்டுநரை மட்டும் பிடித்து என்ன பயன்?

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு ஊழலைத் தடுக்கவென்றே ஒரு தீர்மானம் போட்டது. இனி நடக்க வேண்டியது என்று நான் கேட்பது இதுதான்: சீட்டுகள் மின்வழிக்கு மாற வேண்டும், இரு நாட்டுப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், லஞ்சப் பணம் போன வழியையும் தோண்ட வேண்டும், தகவல் சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். நன்றி, வணக்கம்.