டிராயரில் கிடக்கும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சிஸ்டம்

தருமபுரி பண்பலை நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம். காசு கொடுத்து வாங்க வேண்டாமே என்று ஆரம்பித்தது, பழகிப்போய் அதிலேயே தங்கிவிட்டேன்.

போன வருடம் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டேன். லினக்ஸ் இருந்த பகுதியை மட்டும் அப்படியே அதில் நகல் எடுத்துக்கொண்டேன். இனிமேல் பட்டனை அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் திரை வந்துவிடும் என்று நினைப்பு. மறுநாள் காலை கடையைத் திறந்து போட்டால், லோகோ சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. முழுசாக இரண்டு நிமிடம். வெளியே வருமானச் சான்றுக்கு நாலு பேர். "புதுசு போட்டிருக்கேன்னு சொன்னீங்களேண்ணா" என்று ஒரு பையன் வேறு.

நண்பரிடம் கேட்டேன். "ஃபார்மட் போட்டுடு" என்றார். போட்டால் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் எதனால் கெட்டது என்று கடைசிவரை தெரியாது. பிரிண்டர் செட்டிங், தமிழ் எழுத்துரு, கீபோர்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் வீட்டையா இடிக்கிறோம்?

லோகோ சுற்றும்போது எஸ்கேப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் லோகோ விலகி, பின்னால் நடக்கும் வேலைகள் வரிவரியாகத் தெரியும். என் திரையில் ஒரு வரி மட்டும் நகரவில்லை. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லி, 1 நிமிடம் 30 வினாடி வரை எண்ணிக்கொண்டிருந்தது. ஆன் ஆகும்போது வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற புரோகிராமைப் பயன்படுத்தும் லினக்ஸ்களில் வழக்கமான காத்திருப்பு நேரம் அது, 90 வினாடி.

எந்த டிஸ்க்? ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஓர் இடம் ஒதுக்குவார்கள், அதற்கு சுவாப் என்று பெயர். என்னுடைய சுவாப் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க்கோ என் மேஜை டிராயரில் கிடக்கிறது. சிஸ்டத்துக்கு அது தெரியாது. வெளியூர் போன ஆள் கடைசி பஸ்ஸிலாவது வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி தினமும் 90 வினாடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்துகிறது.

இப்போது பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்து ஜர்னல்சிடிஎல் என்று சேர்த்து அடித்து, மைனஸ் பி, மைனஸ் பி, 3 என்று கொடுங்கள். வானொலியில் இதுதான் சங்கடம், தமிழில் இரண்டும் பிதான். முதலில் வருவது பஸ்ஸில் வருகிற பி. அடுத்தது பென்சிலில் வருகிற பி. இந்தத் தடவை ஆன் செய்ததிலிருந்து நடந்த பிழைகளை மட்டும் அது காட்டும். எந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்து ஓய்ந்தது என்பது நீளமான அடையாள எண்ணோடு அதில் இருக்கும்.

அந்த எண் எழுதியிருக்கும் இடம் இடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் என்ற ஃபைல். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்கின் வரியை அழிக்க வேண்டாம், முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும், அந்த வரியை சிஸ்டம் படிக்காது. எனக்கு இதில் 90 வினாடி மிச்சமானது. மீதி 30 வினாடி அப்படியே நின்றது. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் ரெஸ்யூம் என்று இன்னொரு சின்ன ஃபைலிலும் அதே சுவாப் எண் இருந்துவிடும். அதில் முதல் ஈக்வல் குறிக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டு நன், அதாவது என்ஓஎன்இ என்று எழுதி, மாற்றம் பதிவதற்காக அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஒரு தடவை ஓட்டினேன். அதுவும் போனது.

இது ஆன் ஆகும்போது வரும் மெதுவு. வேலை செய்யும்போது வருவது வேறு. காரிமங்கலத்திலிருந்து ஒருவர் பத்து பதினைந்து வருடப் பழசான கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கிய பிறகு மாட்டுவண்டி மாதிரி ஆகிவிட்டது என்றார். ரேம் கூடினால் வேகம் குறையுமா? நானும் நம்பவில்லை. புது ரேமைக் கழற்றினால் பழைய வேகம் வந்துவிட்டது. மாட்டினால் மறுபடி மாட்டுவண்டி.

காரணம் மதர்போர்டின் பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம். பிராசஸர் அடிக்கடி தேவைப்படுவதைத் தன் பக்கத்திலேயே கேஷ் என்ற சின்ன இடத்தில் வைத்துக்கொள்ளும், கல்லாப்பெட்டியில் சில்லறை வைத்திருப்பது போல. ரேமின் எந்தப் பகுதியை அப்படி வைக்கலாம் என்று சொல்ல வேண்டியது பயாஸ். சில பழைய பயாஸ்கள் ரேம் கூடியதும் மேல்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடும். லினக்ஸ் அந்தப் பகுதியைத் தொடும்போதெல்லாம் ஒவ்வொரு ரூபாய்க்கும் குடோனுக்கு நடக்கிற கதைதான். பயாஸை அப்டேட் செய்தோம், ஓடியது. அப்டேட் கிடைக்காவிட்டால், ஆன் ஆகும்போதே மெம் என்ற அளவைக் கொடுத்து, அந்தக் கடைசிப் பகுதியைத் தொடாதே என்று லினக்ஸிடம் சொல்லிவிடலாம்.

கேபிளையும் சும்மா விடாதீர்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் சரியாக உட்காராவிட்டால் நொடிக்கு 6 கிகாபிட் போக வேண்டிய இணைப்பை லினக்ஸ் படிப்படியாக 1.5 வரை இறக்கிவிடும். டிமெசேஜ் கட்டளையில், டிஎம்இஎஸ்ஜி என்று அடிக்க வேண்டும், ஹார்டு ரீசெட்டிங் லிங்க் என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், நூறு ரூபாய்ச் சமாச்சாரம். பிராசஸர் மாற்றியவர்கள் அதன் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைச் சரியாக வைத்தார்களா என்றும் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அந்த இரண்டு பிக்களை மட்டும் இடம் மாற்றி அடித்துவிடாதீர்கள், சிஸ்டம் திட்டும். வணக்கம்.